பதினொன்று நாற்பது

காலை ஏழு பத்துக்குத் தொலைபேசி அடித்தது. உசனார் எடுத்தார்.

"காக்கா, விசயம் தெரியுமா? ஆத்துவாயை வெட்டிட்டாங்க!" பேசியது நிஸ்தார், என்ஜின் போட் ஓட்டுபவன். "விடிய அஞ்சு மணிக்கே ரெண்டு பெக்கோ மெசின் இறக்கி வெட்டியிருக்காங்க. தண்ணி கடலுக்குள்ள பாயிற பாய்ச்சலை வந்து பாருங்க. வயல் வட்டைக்காரங்க வெடி கொளுத்துறாங்க."

உசனார் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"காக்கா? இருக்கிறீங்களா?"

"தோணி ஓட்டம் எத்தின மணிக்கு?"

"நாலு மணிக்கு. நேரம் எடுக்கிற ஆளே நீங்கதான். என்னட்டக் கேக்கிறீங்க?"

தொலைபேசியை வைத்தார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

வாவி கடலோடு சேரும் வாயை ஆண்டில் பல மாதங்கள் மணல் மூடிக் கிடக்கும். மழையில் வாவி நிரம்பி வயல் வட்டைகள் மூழ்கத் தொடங்கினால் அந்த மணலை வெட்டித் திறந்துவிடுவார்கள். வழக்கமாகக் கார்த்திகையிலேயே வேலை முடிந்துவிடும். பொங்கல் கழிந்து தோணி ஓட்டம் வரும்போது வாவி அசையாமல் கிடக்கும். இந்த வருடம் மழை பிந்திவிட்டது. இருபத்தொரு வருடத்துக்கு முன்னும் ஒரு தடவை இப்படித்தான் பிந்தியது.

அந்த வருடம்தான் உசனார் சாதனை படைத்தார். ஒற்றை ஆள், ஒற்றைத் துடுப்பு, இரண்டு கிலோமீற்றர். பதினொரு நிமிடம் நாற்பது செக்கன். அன்று இருந்தது ஒரேயொரு கடிகாரம். முதலாவதாக வந்தவனுக்கு மட்டும்தான் நேரம் பார்த்தார்கள். அதற்குப் பிறகு எவனும் பன்னிரண்டு ஐம்பதுக்குக் குறைவாக ஓடவில்லை. ஊரில் அவருக்குப் பெயரே 'பதினொண்டு நாற்பது'தான். மீன் வாங்கப் போனாலும் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

ஊருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. சாதனை செய்த அன்று மாலை அதே தோணியில் எதிர்த்திசையில் வீடு திரும்ப முக்கால் மணித்தியாலம் பிடித்தது. அப்போதுதான் உறைத்தது. தண்ணீரின் இழுவை முழுக்க அவருக்குப் பின்னால் நின்று தள்ளியிருக்கிறது! வாவி அடங்கிய பிறகு கடிகாரத்தை இரவல் வாங்கி, மூன்று விடியற்காலை தனியாக ஓடிப் பார்த்தார். ஆகக் குறைந்தது பதின்மூன்று முப்பது. அதை மனைவி றம்லாவுக்குக்கூட அவர் சொல்லவில்லை.

இன்றைக்கு அதே தண்ணீர்.

"என்ன, முகம் வெளிறிக் கிடக்கு?" றம்லா எட்டிப் பார்த்தாள்.

"ஒண்டுமில்ல."

"ஒண்டுமில்லாத ஆள் ஏன் சாரத்தை உள்பக்கம் வெளிய திருப்பி உடுத்திருக்கிறீங்க?"

துறையில் கொடி கட்டிக்கொண்டிருந்தார் கழகச் செயலாளர் இராசதுரை. உசனார் மோட்டார் சைக்கிளின் என்ஜினை நிறுத்தவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"அண்ணன், ஓட்டத்தை ஒத்திப் போடுங்க. ஆத்துவாய் வெட்டியிருக்கு. இழுவை கூடிக் கிடக்கு, ஆபத்து."

"ஆத்துவாய் எங்க, நம்மட கொடி எங்க? மூணு கிலோமீற்றர் தள்ளி." இராசதுரை சிரித்தார். "நீங்க பதினொண்டு நாற்பது ஓடின அண்டைக்கும் வெட்டித்தானே கிடந்தது? உங்களுக்கு ஒரு ஆபத்தும் வரல்லயே?"

உசனார் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். ஆனால் இராசதுரை யோசித்துச் சொல்லவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, அடுத்த கொடிக்குக் கயிறு தேடினார்.

"காக்காவுக்குப் பயம் வந்திட்டு!" பின்னால் ஒரு குரல். பிரதீஸ். ஆரையம்பதிக்காரன், இருபத்து நாலு வயது, தோளில் துடுப்பு. போன வருடம் பன்னிரண்டு ஐம்பது ஓடியவன் அவன்தான்.

"எனக்கென்ன பயம்?"

"புதன்கிழமை கட்டாருக்கு வேலைக்குப் பறக்கிறன் காக்கா. ஆறு வருசமா உங்கட நேரத்தோட மாரடிக்கிறன். போன வருசமும் ஒரு நிமிசம் பத்து செக்கன் பிந்தித்தான் வந்தன். அம்மா எனக்கு விசர் பிடிச்சிட்டு எண்டு கோயில்ல நூல் கட்டி விட்டிருக்கா. இண்டைக்கு விட்டா மறுகா எனக்கு ஓட்டம் இல்ல."

இப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். உசனார் மோட்டார் சைக்கிளைத் திருப்பினார்.

நாலு மணி. பன்னிரண்டு தோணிகள். நிஸ்தாரின் போட்டில் உசனார், கையில் கடிகாரம். முடிவுக் கொடியடியில் நிற்கும் சனத்துக்குத் தொடக்கம் தெரியாது. நடுவில் வாவி வளைகிறது, கண்டல் மரங்கள் மறைக்கின்றன. ஆயிரம் கைத்தொலைபேசி இருந்தும் பயனில்லை. நேரம் என்றால் உசனார் சொல்வதுதான்.

விசில். கடிகாரப் பொத்தானை அமர்த்தினார்.

முதல் நூறு மீற்றரிலேயே பிரதீஸ் மற்றவர்களை விட்டு முன்னால் போய்விட்டான். துடுப்பு விழுவதும் எழுவதும் தெரியவில்லை.

"காக்கா, நான் என்ஜினைக் கூட்டவேயில்ல," என்றான் நிஸ்தார். "போட் தன்ர பாட்டுக்குப் போகுது!"

உசனார் கடிகாரத்தைப் பார்த்தார். பாதி வழி. ஐந்து முப்பத்து மூன்று. கணக்குப் போட்டார். பதினொன்று ஆறில் வந்துவிடுவான். ஒரு நாற்பது செக்கன் பிந்தி அமர்த்தினால் போதும். யார் கேட்பது? இருபத்தொரு வருடம் ஒரு பொய்யைச் சுமந்தாயிற்று. மேலே இன்னும் ஒரு நாற்பது செக்கன்.

கொடி வந்தது. பிரதீஸின் தோணி மூக்கு அதைக் கடந்தது. பதினொன்று ஆறு.

விரல் அசையவில்லை.

ஏழு. எட்டு. ஒன்பது. கரையில் சனம் கத்தியது.

"காக்கா! அமத்துங்க!"

பதினொன்று. பன்னிரண்டு. முன்னால் பிரதீஸ் துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, திரும்பி, அவர் முகத்தையே பார்த்தான்.

பதினொன்று பதினான்கில் அமர்த்தினார்.

கரையில் இறங்கியதும் இராசதுரை ஒலிவாங்கியை நீட்டினார். "சொல்லுங்க காக்கா!"

"பதினொண்டு ஆறு," என்றார் உசனார். "கடிகாரத்தில பதினாலு இருக்கு. எட்டு செக்கன் நான் களவெடுக்கப் பாத்த."

ஆரவாரத்தில் அதற்குப் பிறகு சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. வெடி வெடித்தது. உசனார் ஒலிவாங்கியை விடவில்லை.

"கேளுங்க! இது இழுவைத் தண்ணியில ஓடின ஓட்டம். என்ட பதினொண்டு நாற்பதும் அப்பிடித்தான். ஆத்துவாய் வெட்டின அண்டைக்கு ஓடின. ரெண்டு நேரத்தையும் கணக்கிலயிருந்து வெட்டுங்க!"

ஒருவன் ஊளையிட்டான்.

"தோத்திட்டுக் கதை விடுறார்!"

"இருபத்தொரு வருசம் வாயில என்ன வைச்சிருந்தீங்க காக்கா, அவலா?"

இராசதுரை ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டார். "காக்கா கொஞ்சம் மனம் குழம்பிப் போய் நிக்கிறார், மன்னிச்சுக் கொள்ளுவம். மட்டக்களப்பாரே! இந்தப் பதினொண்டு ஆறை இனி ஒருத்தராலயும் முறிக்க ஏலாது!"

கைதட்டல். பிரதீஸைத் தோளில் தூக்கியிருந்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. குதித்து இறங்கி, சனத்தை இடித்துக்கொண்டு நேராக உசனாரிடம் வந்தான்.

"தோணி தானா இழுத்தது. எனக்குத் தெரியும்," என்றான். "அடங்கின தண்ணியில உங்களுக்கு எவ்வளவு?"

"பதிமூண்டு முப்பது."

பிரதீஸின் உதடு அசைந்தது. கணக்குப் பார்க்கிறான். "அப்ப போன வருசம் நான்..."

"போன வருசம் இல்ல. நாலு வருசத்துக்கு முன்னமே நீ பதிமூண்டு பத்து ஓடினாய். நான்தான் நேரம் எடுத்த."

பிரதீஸ் கையை ஓங்கிவிட்டான். உசனார் விலகவில்லை. அந்தக் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அவன் தன் முகத்தையே அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

"ஒவ்வொரு வருசமும் அந்தக் கடிகாரத்தோட நிண்டு, நான் அழுறதப் பாத்தீங்க. என்ன மனிசன் நீங்க?"

உசனார் கையிலிருந்த கடிகாரத்தைக் குனிந்து பார்த்தார்.

பிரதீஸ் வாவியைப் பார்த்தான். தண்ணீர் குப்பையும் சல்வீனியாக் களையுமாகக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. இனி இது அடங்கக் கிழமைக் கணக்காகும், புதனுக்குள் அடங்காது.

"ஏறுங்க," என்றான்.

"எங்க?"

"கொடியிலயிருந்து தொடக்கத்துக்கு. எதிர்த்தண்ணியில. நீங்க ஒரு தோணி, நான் ஒரு தோணி."

"எனக்கு நாற்பத்தெட்டு வயசு மனே. நீயும் இப்பதான் ஓடி முடிச்சிருக்கிறாய்."

"எனக்குப் புதன்கிழமை பிளைட்."

மேடையில் இராசதுரை கூவினார். "முதலாமிடம் பிரதீஸ்! உடனடியாக மேடைக்கு வரவும்!" உசனார் சாரத்தை மடித்துக் கட்டினார். கரையில் கிடந்த யாருடையதோ ஒரு தோணியைத் தண்ணீரில் தள்ளினார். கடிகாரத்தை நிஸ்தாரிடம் எறிந்தார்.

"இத எங்க காக்கா எழுதுற?"

"எங்கயும் எழுதாத. அமத்து!"

திருப்பிய உடனேயே தண்ணீர் தோணியின் மூக்கைப் பக்கவாட்டில் தள்ளியது. பத்துத் துடுப்புப் போட்ட பிறகும் பக்கத்துக் கண்டல் மரம் பக்கத்திலேயே நின்றது. தோள்மூட்டு எரிந்தது. பிரதீஸ் ஏற்கனவே ஒரு தோணி நீளம் முன்னால்.

"பிரதீஸ்! மேடைக்கு!" என்றது ஒலிபெருக்கி.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. உசனார் பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்பை ஆழமாகப் போட்டார். கண்டல் மரம் மெல்லப் பின்னால் போகத் தொடங்கியது.