ஐந்தாவது ஆளின் குடம்

அம்மா வேலை செய்யும் அறை மூன்று வருடமாக வெடித்துக்கொண்டிருக்கிறது. மெதுவாகத்தான். செங்கல் நாளுக்கு ஒரு நகம் அளவு நகர்கிறது. அம்மா உள்ளே உட்கார்ந்து பட்டாசுக் குழாய்க்கு வெடிமருந்து செலுத்துகிறாள். சேலை முந்தியில் தீ பிடித்திருக்கிறது. இன்னும் இடுப்புக்கு வரவில்லை.

அவளை வெளியே எடுக்க வேண்டும். போர்மேன் துரைச்சிங்கத்திடம் கேட்டேன்.

"ரூமுக்கு நாலு பேருதான் சட்டம். உள்ள நாலு பேரு இருக்காங்க. உங்கம்மா உள்ளயே இல்ல. இல்லாத ஆள எப்பிடிம்மா வெளிய எடுக்க?"

"அந்தா தெரியுதே, அது யாரு?"

"அது அஞ்சாவது ஆளு."

வெடிமருந்து வரலாற்று அலுவலகத்தில் அவள் பெயரைப் பதிந்துவிட்டு வரச் சொன்னார்.

அலுவலகம் முழுவதும் ஒரே நடைகூடம். நூற்றாண்டுக்கு ஓர் அறை. நடக்க நடக்க நீண்டது. நான் எம்.எஸ்சி. வேதியியல். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள். படித்து என்ன, நடக்கத்தான் வேண்டியிருந்தது.

முதல் அறையில் தாடி கருகிய சீனக் கிழவர் இருந்தார். சாகாமலிருக்க மருந்து காய்ச்சியவராம்.

"வெடியுப்பு, கந்தகம், கரி. குடிக்கலாம்னு எடுத்தேன். அதுக்குள்ள வீடு போயிருச்சு."

"அப்ப நீங்க செத்துட்டீங்களா?"

"தெரியல. தபால் வரல."

"எங்கம்மா பேர எங்க எழுதணும்?"

"இங்க பொருள் பேருதான் எழுதுவோம். ஆள் பேருக்கு அடுத்த ரூம்."

எல்லா அறையிலும் அடுத்த ரூம் என்றார்கள். ஓர் அறையில் மலை ஒன்று, தன்னைப் பிளக்க டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எல்லோரும் ஒற்றைக்கால் ஸ்டூலில் உட்கார்ந்து நைட்ரோகிளிசரின் காய்ச்சினார்கள். கண்ணயர்ந்தால் கீழே விழுவார்கள். விழுந்தால் விழிப்பு வரும். விழித்தால் ஊர் பிழைக்கும். நான் பார்க்கும்போதே ஒருவர் விழுந்து எழுந்தார்.

"தூக்கமா?" என்றேன்.

"நூத்தம்பது வருசமா வருது. ஒரு ஸ்டூல் எடுத்துட்டுப் போம்மா. இங்க ஆள் கொறஞ்சுபோச்சு."

எடுத்துக்கொண்டேன். கால் வலித்தது.

கடைசி அறை அதிகாரி என் பட்டத்தைப் பார்த்தார். முதல் பட்டதாரிச் சான்றிதழையும் பார்த்தார்.

"ஆய்வாளர் வேலை காலியா இருக்கு. நீங்கதான்." ஒரு தொப்பி கொடுத்தார்.

"எங்கம்மா பேரு?"

"போய் எண்ணிட்டு நீங்களே எழுதுங்க. நாலு கட்டம் இருக்கு."

"அஞ்சு பேருக்கு நாலு கட்டம் போட்ட மடையன் யாரு?"

"அவரு அடுத்த ரூம்."

அப்போதுதான் எங்கள் பட்டறை வழக்கம் நினைவு வந்தது. ஆய்வாளர் வந்தால் ஐந்தாவது ஆள் காலிக் குடத்தோடு வெளியே போய்விட வேண்டும். தண்ணீர் சுமக்க வந்தவள்போல வேம்படியில் நிற்க வேண்டும். அம்மா பதினோரு வருடம் அப்படி நின்றவள். வெடித்த அன்று எந்த ஆய்வாளரும் வரவில்லை.

திரும்பி வந்து வாசலில் கத்தினேன். "இன்ஸ்பெக்டர் வந்திருக்கேன்!"

துரைச்சிங்கம் அம்மாவைப் பார்த்துப் பதறினார். "மாடத்தி! குடத்த எடு!"

அம்மா முகத்துக்கு நேரே நின்ற செங்கலை ஒதுக்கிவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். முந்தித் தீ வாசலிலேயே நின்றுவிட்டது.

"தொப்பி ஒனக்குப் பெருசுடி" என்றாள்.

"வீட்டுக்குப் போவோம் வாம்மா."

"கிறுக்கி. நீ போனா ஆய்வு முடிஞ்சிரும். முடிஞ்சா நான் உள்ள போகணும்ல?"

அதனால் ஸ்டூலை வாசலில் ஊன்றி உட்கார்ந்தேன். எண்ணிக்கொண்டிருக்கும்வரை ஆய்வு முடியாது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மறுபடி ஒன்று. கண் சொக்குகிறது. விழுகிறேன். எழுந்து ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். எத்தனை நாள் என்று தெரியவில்லை. செங்கல் மட்டும் நகர்கிறது.

இன்று, நாலாவதாக நான் எண்ணும் சீனித்தாய் அக்கா தலையைத் தூக்கினாள். அவள் பின்னலில் தீ ஏறியிருந்தது.

"சட்டப்படி உக்காந்தது எங்க தப்பாடி? எங்களுக்கு ஒரு கொடம் கெடையாதா?"

அம்மா என்னைப் பார்த்தாள். தன் குடத்தை வாசல் வழியாக உள்ளே, சீனித்தாய் அக்காவிடம் உருட்டிவிட்டாள்.

நான் நாலாவது ஆளை எண்ணாமல் மூன்றோடு நிறுத்தி, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.