வலது தூண்

டாக்டர் அறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் தெனி உட்கார்ந்துவிட்டால் இன்னொருவருக்கு இடமிருக்காது. நூற்றிருபத்தைந்து கிலோ. பதினோரு வருஷமாக அந்த ரக்பி அணியின் வலது தூண். எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தலையோடு தலை கோத்து முட்டித் தள்ளுகிறார்களே, அந்த ஸ்க்ரமில் முன்வரிசையின் வலது ஓரத்தில் நிற்பவனுக்கு அந்தப் பெயர். எதிராளிகள் இரண்டு பேரின் பாரம் அவன் ஒருவன் கழுத்தில் இறங்கும். நவம்பரில் அந்தக் கழுத்துதான் மடங்கிப்போனது.

ஜன்னலுக்கு வெளியே மழையில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. "குனி! பிடி! மோது!" என்று கோச் கத்த, முட்டிப் பழகும் இரும்பு வண்டி அதிரும் சத்தம் வந்தது. யார் முட்டினார்கள், நேராகவா சாய்வாகவா என்று சத்தத்தை வைத்தே தெனி சொல்லிவிடுவான். இது சக்கியுசா. நேரான முட்டு.

சக்கியுசா ஃபிஜிக்காரன். அடிபட்டவன் தேறும்வரை அவன் இடத்துக்கு வெளியிலிருந்து ஓர் ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்று லீக்கில் விதி உண்டு. மருத்துவ ஜோக்கர் என்று பெயர். சீட்டாட்டத்து ஜோக்கரைப் போலத்தான், சொந்த முகம் கிடையாது, இல்லாத சீட்டின் இடத்தில் போய் உட்கார வேண்டியது. தெனியின் கழுத்து தேறிவிட்டது என்று டாக்டர் கையெழுத்துப் போட்டால் பிப்ரவரியோடு சக்கியுசாவின் வேலை போகும். கிளப் கொடுத்த வீடு போகும், பிரான்சில் தங்கும் அனுமதியும் போகும். அந்தக் கையெழுத்துக்குத்தான் தெனி காத்திருந்தான்.

முந்தின நாள் மத்தியானம் சக்கியுசாவை வீட்டில் இறக்கிவிடப் போனவனை அவன் மனைவி லோசலினி சாப்பிடாமல் விடவில்லை. தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீனும் மரவள்ளிக் கிழங்கும். கூடத்தில் இரண்டு பெட்டிகள் திறந்து கிடந்தன. பாதித் துணி மடித்து வைத்திருந்தது. அவளால் குனிய முடியவில்லை. வயிற்றில் இரட்டை.

"எங்க கிளம்புறீங்க?" என்றான் தெனி.

"அதான் தெரியல அண்ணே. மாசக் கடைசில வீட்டக் காலி பண்ணச் சொல்லிக் காகிதம் வந்திருக்கு. ரெட்டைப் புள்ளக்காரிய ஏத்த மாட்டோம்னு விமானக்காரன் சொல்லிட்டான். ஃபிஜிக்கு நீந்தித்தான் போகணும்."

"சும்மா இரு லோசா" என்றான் சக்கியுசா. "சாப்பிடுறவன் கிட்ட என்ன பேச்சு? மச்சான் திரும்பி வந்து ஆடணும். அது அவன் இடம். நான் பாத்துக்குவேன்."

அவன் எதுவும் கேட்கவில்லை. கண்ணால்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெனி ஏதாவது சாக்குச் சொல்லி நழுவியிருப்பான். கேட்காதவனிடம் என்ன சாக்குச் சொல்வது?

டாக்டர் கூப்பிட்டார். கழுத்தைத் திருப்பச் சொன்னார், சாய்க்கச் சொன்னார், நெற்றியில் கை வைத்து அழுத்தினார். விளக்குப் பலகையில் படத்தை மாட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

"எருமைக் கழுத்துய்யா உனக்கு. திங்கக்கிழமையே முட்டலாம்." பேனாவைத் திறந்தார். "வேற ஏதும் தொந்தரவு இருக்கா?"

தெனி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான்: "ஒண்ணுமில்ல டாக்டர். தள்ளும்போது மட்டும் விரல் மரத்துப் போகுது."

பேனா நின்றது. விரல் மரக்கிறது என்று ஒரு தூண் சொன்னபிறகு எந்த டாக்டரும் துணிந்து கையெழுத்துப் போடமாட்டார். நாளைக்கு அவன் கைகால் விழுந்துபோனால் யார் பதில் சொல்வது? டாக்டர் குண்டூசியை எடுத்து ஒவ்வொரு விரலாகக் குத்திப் பார்த்தார். மரத்துப்போவது இதுவா என்று கேட்டதற்குத் தெனி மூன்று விரலுக்கு மட்டும் ஆமாம் என்றான்.

"இந்த சீசன் முடியிறவரைக்கும் உனக்கு ஸ்க்ரம் கிடையாது" என்று சொல்லிக்கொண்டே எழுதினார் டாக்டர்.

மைதான வாசலில் சக்கியுசா சேறு வழிய நின்றிருந்தான். "என்ன சொன்னாரு?"

"விரல் மரத்துப் போச்சாம். சீசன் முடியிறவரைக்கும் ரெஸ்ட்டு."

"யாருக்கு, உனக்கா? நேத்து ஜிம்ல அவ்வளவு பளு தூக்கினே?"

"வாய மூடிக்கிட்டுப் போய்த் தள்ளுடா. என் இடத்துல நின்னு சாய்ஞ்சு தள்ளினே, தோல உரிச்சிடுவேன்."

சக்கியுசா அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சேற்றுக் கையாலேயே அவன் பிடரியைப் பிடித்து, நெற்றியோடு நெற்றி வைத்து அழுத்தினான்.

ஏப்ரலில் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. மே மாதம் கடைசி ஆட்டம். தோற்றால் அணி கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். ஊரே மைதானத்தில் இருந்தது. இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். ஆட்டம் முடிய மூன்று நிமிஷம், எதிரியின் கோட்டுக்கு ஐந்து மீட்டரில் ஸ்க்ரம். தெனி பலகை வரிசையில் உட்கார முடியாமல் எழுந்துவிட்டான். கால் விரல்கள் தாமாகவே பூமியைப் பிடித்தன. சக்கியுசா ஒரு முட்டு முட்டினான். எதிர்வரிசை நடுவில் விரிசல் விட்டு, பின்னால் நகர்ந்து, குலைந்து உட்கார்ந்தது. நடுவர் கை உயர்ந்தது. பெனால்டி. மூன்று புள்ளி. அணி பிழைத்தது.

"அது என் இடம்யா!" என்று தெனி பக்கத்தில் இருந்தவரின் தோளைப் பிடித்து உலுக்கினான். "என் இடத்துல நின்னு முட்டுறான் பாரு! பாத்தியா? நேரா முட்டினான் பாத்தியா?" அந்த மனிதர் யாரென்றே அவனுக்குத் தெரியாது. பதினோரு வருஷத்தில் தான் ஆடிய எந்த ஆட்டத்திலும் அவனுக்கு இவ்வளவு பெருமை இருந்ததில்லை.

திங்கட்கிழமை லத்தாப்பி கூப்பிட்டனுப்பினார். ஆட்களைப் பிடிப்பதும் கழிப்பதும் அவர் வேலை. சுவர்ப்பலகையில் அடுத்த சீசன் அணி, இடம்வாரியாகப் பெயர் அட்டைகளாக ஒட்டியிருந்தது. வலது தூண் வரிசையில் மூன்று அட்டைகள். சக்கியுசா, உள்ளூர்க்காரன் ஒருவன், ஜார்ஜியாவிலிருந்து வரப்போகும் ஒருவன். தெனி மறுபடி படித்தான். அவன் அட்டை இல்லை.

"கழுத்து சரியாயிடுச்சு சார்" என்றான்.

"தெரியும்." லத்தாப்பி கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். "வாராவாரம் நீ ஜிம்ல தூக்கின பளு. பிப்ரவரியிலேருந்தே உனக்கு ஒண்ணுமில்ல. விரல் மரத்தவன் இவ்வளவு தூக்க மாட்டான்."

"தெரிஞ்சேவா விட்டீங்க?"

"நீ சொன்னத டாக்டர் எழுதினாரு. எழுதினத நான் நம்பினேன். அவன் நல்லா ஆடினான், உன் சம்பளத்துல பாதி போதும்ங்கிறான். நான் என்ன பண்ணட்டும்?"

"வேற கிளப்புக்குப் போறேன்."

"போ. மொதல்ல மெடிக்கல் ஃபைலத்தான் கேப்பாங்க. விரல் மரத்த தூண எவன் எடுப்பான்?"

"பொய் சொன்னேன்னு சொல்லிடறேன்."

"தாராளமா சொல்லு. அப்ப பிப்ரவரிக்கு அப்புறம் ஜோக்கர் ஆடின ஆட்டம் அத்தனையும் விதிமீறல். புள்ளியப் பிடுங்குவாங்க, அணி கீழ போகும். ஃபிஜிக்காரனும் பொண்டாட்டி புள்ளைங்களோட ஊருக்குப் போவான். உன் இஷ்டம் தெனி."

தெனி எழுந்து வந்துவிட்டான்.

வராந்தாவில் சக்கியுசா ஒப்பந்தக் காகிதத்தைச் சுருட்டிப் பிடித்தபடி நின்றான். விஷயம் அவனுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. "நான் போட மாட்டேன் மச்சான். அந்த ஆளு மூஞ்சில விட்டெறியப் போறேன்."

"எறிஞ்சிட்டு? ரெண்டு பொண்ணுக்கும் பால் எவன் வாங்குவான், உங்க மாமனா?"

"உன் இடம்டா அது."

"அந்த இடத்துல என்னவிட நல்ல ஆளு நிக்கிறான்னு நான் நாலு பேருக்குச் சொல்லிக்க வேணாமா? போட்டுட்டு வாடா. வீட்டுக்குப் போகலாம், பசிக்குது."

சக்கியுசா உள்ளே போனான். அவன் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும்வரை தெனி அங்கேயே நின்றான்.

ஜூனிலிருந்து தெனி வாத்துத் தீவனக் கிடங்கில் மூட்டை ஏற்றினான். அங்கே யாரும் கழுத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஜூலைக் கடைசியில் லத்தாப்பி போன் செய்தார். ஜார்ஜியாக்காரனுக்கு விசா வரவில்லை, பயிற்சி ஸ்க்ரமில் எதிர்ப்பக்கம் நிற்க ஒரு தூண் குறைகிறது, ஒரு காலை வேளை வந்து போக முடியுமா என்று. போகக் கூடாதுதான். போனான்.

உடை அறைக்காரர் நம்பர் போடாத பயிற்சி ஜெர்சி ஒன்றைக் கொடுத்தார். கோட்டோரம் டாக்டர் நின்றிருந்தார். தெனி முன்வரிசையில் போய் நிற்பதைப் பார்த்துவிட்டுக் குனிந்து கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

தெனிக்கு எதிரே புதிதாக வாங்கிய இடது தூண், கழுத்தில் சங்கிலியோடு. "மோது!" என்றதும் தெனி இறங்கினான். பாரம் முழுக்கக் கழுத்தில் வந்து உட்கார்ந்தது, பழைய வீட்டுக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. ஒரு எட்டு, இன்னொரு எட்டு. சம்பளம் வாங்கும் எட்டுப் பேரும் இரண்டு மீட்டர் பின்னால் போனார்கள். எதிர்வரிசையின் மறு ஓரத்தில் பின்னால் சறுக்கிக்கொண்டே சக்கியுசா, "அப்படிப் போடு மச்சான்!" என்று தன் கோச்சின் காது கேட்கவே கத்தினான். ஆறு தரம் முட்டினார்கள். ஆறு தரமும் அப்படியே. லத்தாப்பி நோட்டை எடுத்து, புதிய இடது தூணின் பெயருக்கு நேரே ஏதோ குறித்துக்கொண்டார்.

மணி அடித்ததும் எல்லாரும் சாப்பாட்டு ஹால் பக்கம் நடந்தார்கள். சக்கியுசா தெனியின் தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு வந்தான். வாசலில் உடை அறைக்காரர் தயங்கித் தயங்கி வழியில் நின்றார்.

"அந்த ஜெர்சியக் கழட்டிக் குடுத்துடுங்க தெனி. கணக்குல இருக்கு. அப்புறம்... ஹால்ல லிஸ்ட்ல பேர் இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் தட்டு. தப்பா நெனைக்காதீங்க."

"அதனால என்னய்யா" என்றான் தெனி. ஜெர்சியைக் கழற்றி, வேர்வையைப் பிழிந்து உதறி, நான்காக மடித்து அவர் கையில் வைத்தான். சக்கியுசாவை முதுகில் ஒரு தள்ளுத் தள்ளி உள்ளே அனுப்பினான். பிறகு வெற்றுடம்போடு, தலை நிமிர்ந்து, மைதானத்தின் நடுவே நடந்து வண்டிக்குப் போனான். இரண்டு மணிக்கு மூட்டை லாரி வந்துவிடும்.