பதில் சொல்ல ஒரு நிமிடம்

கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் விழும் நிழலுக்காகச் சாம்பல் நிறம் குழைத்துக்கொண்டிருந்தபோதுதான் காதிலிருந்த இயர்போனில் பாட்காஸ்ட்காரரின் குரல் அதைச் சொன்னது. "போன வாரம் ஒருவர் என்னிடம் பேசினார். அவருடைய மனைவி ஓவியர். ஒரு கண்ணாடிப் புட்டியை வரைய அரை நாள் அதையே பார்த்துக்கொண்டிருப்பாராம். ஆனால் இவரை வரைவதென்றால் பழைய புகைப்படத்தை எடுத்து வைத்துக்கொள்வாராம். நான் பக்கத்து அறையில்தானே இருக்கிறேன், கூப்பிட்டால் வந்து உட்கார மாட்டேனா என்று கேட்டார்." அவளுடைய தூரிகை நின்றது. சட்டத்தின் மேல்முனையில் கிளிப் போட்டு மாட்டியிருந்த புகைப்படத்தில் அவள் கணவர், முன்நெற்றி நிறைய முடியோடு, எங்கோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

வேலை செய்யும்போது அவள் மூன்று பாட்காஸ்ட்கள் கேட்பாள். ஒன்றில் இரண்டு பெண்கள் மற்ற ஓவியர்களின் வேலை அறைகளுக்குப் போய்விட்டு வந்து, வீட்டுக்குத் திரும்பிய பிறகு அவர்களைப் பற்றி வாய் வலிக்கப் பேசுவார்கள். இன்னொன்றில் ஒரு பெரியவர் ஒரே ஒரு நிறத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். அது தூக்கம் வராத நாளுக்கு. மூன்றாவதுதான், இரண்டு வருடமாக, அவளுக்கு உயிர்; இன்று காதில் பேசியதும் அதுதான். நடத்துபவர் முன்பு வரைந்து, பிறகு விட்டவர். புகழ்பெற்றவர்களைக் கூப்பிட மாட்டார், சாதாரண ஆட்களிடம்தான் பேசுவார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார். 'எனக்கு அனுப்ப வேண்டாம். இருக்கிற இடத்திலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள்' என்பார். பெரும்பாலானவர்கள் அந்த நிமிடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவள் தாண்டியதில்லை. கை ஓடிக்கொண்டிருக்க, வாய் பாட்டுக்கு முணுமுணுத்துப் பதில் சொல்லிவிடும். தங்கையிடம்கூடச் சொல்லாததையெல்லாம் அந்த நிமிடங்களில் கொட்டியிருக்கிறாள்.

போன மாதம் வந்த ஒரு கேள்வி, வீட்டில் இன்னும் சொல்லாமல் வைத்திருப்பது என்ன என்பது. அவள் சொன்னாள். தொலைவில் ஒரு கடற்கரை ஊரில் ஓவியர்களுக்கான வீடு ஒன்று இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஓர் அறை தருகிறார்கள், சரி என்று சொல்லிவிட்டேன் என்று. கணவர் தடுத்துவிடுவார் என்ற பயமில்லை. 'உன் இஷ்டம்' என்பார். பிறகு கிளம்பும் நாள்வரை அந்த இரண்டு சொல் வீடு முழுக்க நடமாடும். அதற்குப் பயந்துதான் தள்ளிப்போட்டாள்.

பாட்காஸ்ட்காரரிடம் பேசியது இவர்தான் என்று பட்டதும் எல்லாமே வேறு மாதிரி தெரிந்தது. பாதி நாள் வீட்டிலிருந்தே இன்ஷூரன்ஸ் வேலை பார்க்கும் மனிதர், கொஞ்ச நாளாக அவள் வெளியே வந்தால் பேச்சைப் பாதியில் நிறுத்துகிறார். வாஷிங் மெஷினில் எந்தப் பட்டனை அமுக்குவது, குழாய் ரிப்பேர்காரர் எண் என்ன, கேஸ் எப்போது மாற்றியது என்று விசாரிக்கிறார். 'இத்தனை வருஷத்துக்கு அப்புறம் மனுஷன் திருந்திட்டார்' என்று தங்கையிடம் பெருமை அடித்தது நினைவுக்கு வந்து கூசியது. திருந்தவில்லை, தனியாக இருக்க ஒத்திகை பார்க்கிறார். அவர் குளிக்கப் போன நேரத்தில் அவருடைய போனை எடுத்துப் பார்த்தாள். பாட்காஸ்ட் எதுவும் இல்லை. அதுதான் அவளை அதிகம் கலக்கியது. ஒன்றும் மறைக்காதவர் போன் இவ்வளவு சுத்தமாகவா இருக்கும்?

தங்கையிடம் போனில் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? லிஃப்ட்ல மாட்டிக்கிட்டப்போ அலாரம் அடிக்கக் கூச்சப்பட்டு முக்கால் மணி நேரம் நின்ன மனுஷன் அத்தான். அவரு போய் முன்னபின்ன தெரியாத ஆள்கிட்ட மனசத் திறந்தாராமா?"

"வீட்ல பேசாதவங்கதான்டி வெளில பேசுவாங்க."

"அப்ப நேராக் கேட்டுடேன்."

நேராகக் கேட்டால் கடற்கரை வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதனால் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் கேட்கிறாரா என்று பார்க்க வேறு வழி யோசித்தாள்.

அடுத்த வாரம் அவர் கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து அந்த பாட்காஸ்டைப் போட்டாள். படத்தில் காதை வரைவதுபோல் தூரிகையை வைத்துக்கொண்டு, கண்ணைக் கதவின்மேலேயே வைத்திருந்தாள். கேள்வி வந்தது. எதை விட்டுக்கொடுத்தீர்கள்? பிறகு நிமிடம் தொடங்கியது.

"போகலன்னு முடிவு பண்ணிட்டேன்," என்றாள் கதவைப் பார்த்து. "சரின்னு சொன்னது தப்பு. வேண்டாம்னு சொல்லிடப் போறேன்."

கதவுக்கு அடியில் தெரிந்த வெளிச்சத்தில் இரண்டு கால்களின் நிழல் வந்து நின்றது. பிறகு கதவு திறந்தது.

"இவ்வளவு சத்தமாப் பேச மாட்டியே," என்றார் அவர். "எப்பவும் முணுமுணுன்னுதானே பேசுவ. இது எனக்காகப் பேசின மாதிரி இருக்கு."

"அப்ப இத்தனை நாளும் கேட்டுட்டுத்தான் இருந்தீங்க."

"காது இருக்கே, கழட்டியா வைக்க முடியும்?"

"கேட்டுட்டுப் போய் அந்த ஆள்கிட்ட என்னைப் பத்திச் சொல்லியிருக்கீங்க."

"எந்த ஆள்? அவன் யாருன்னு நான்ல உன்னைக் கேக்கணும்!"

அவளுக்குப் புரியவில்லை. அவர் கதவுப்பிடியை விடாமல், இன்ஷூரன்ஸ் கேட்டு வந்தவரிடம் விவரம் வாங்கும் அதே சமமான குரலில் சொன்னார்: "ரொம்ப நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் நீ பேசுவ. வீட்ல சொல்லலம்ப. ஆறு மாசம்ப, கடல் தெரியற ரூமும்ப. அவன் பேசறது எனக்கு எப்படிக் கேக்கும்? உன் காதுக்குள்ளல்ல பேசறான். நீ கிளம்பிட்டா என்ன பண்றதுன்னுதான் அந்த மெஷினையே கத்துக்கிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "யாரோட போற?"

இரண்டு வருடமாக அவருக்குக் கேட்டது பதில்கள் மட்டும். ஒவ்வொரு பதிலுக்கும் அவரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே இருக்கும் மரத்தைப் பற்றி ஒருநாள் அவள் சொன்னாள்: 'பழகிப்போச்சு, இப்பல்லாம் ஏறெடுத்துக்கூடப் பார்க்கறதில்ல.' அதை அவர் எங்கே கொண்டுபோய் வைத்தார்? அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு சந்தேகமும் எழுந்தது. மாட்டிக்கொண்டவருக்குச் சமாளிக்க இதைவிட நல்ல கதை கிடைக்குமா?

"யாரோடயும் இல்ல," என்றாள். "தனியாத்தான்."

"தனியாவா?"

அந்தப் பதிலுக்கு அவர் எந்தத் தயாரிப்பும் செய்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வேறொருவன் என்றால் கோபப்படலாம், சண்டை போடலாம். கதவுப்பிடியிலிருந்து கை தானாகக் கீழே இறங்கியது.

"நம்பலன்னா நீங்களே கேளுங்க." அவள் இயர்போனின் ஒரு முனையைக் கழற்றி, மேலங்கியில் துடைத்து நீட்டினாள். சாயம் ஒட்டிய கட்டைவிரலால் பேச்சைக் கொஞ்சம் பின்னால் தள்ளினாள். கேள்விக்கு முன்னால் போக நினைத்தவள், நிமிடத்தின் நடுவில் போய் விழுந்தாள். அவளுடைய காதில் மெல்லிய இரைச்சல் மட்டும் ஓடியது. அதேதான் அவருக்கும் கேட்டிருக்கும். இருங்க, பேசுவார் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அவர் ஒரு விரலால் இயர்போனை அழுத்திக்கொண்டு, தொண்டையைச் செருமினார். அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் கையிலிருந்த போனைப் பார்த்து, "ஹலோ," என்றார். "நான் அவளோட வீட்டுக்காரர் பேசறேன்."

பிறகு தலையைச் சற்றுச் சாய்த்து, பதிலுக்காக நின்றார்.