பல்லைக் கடிக்காதீங்க

அக்கி வந்துபோய் நாலு மாதம் ஆகிவிட்டது. கோவிந்தம்மாளின் இடது விலாவில் கொப்புளம் கிளம்பியதும், நல்லம்பள்ளிக் குயவர் காவியைக் குழைத்து அக்கி எழுதினார். மூன்றாம் வாரமே பொருக்கு உதிர்ந்து தோல் ஆறிவிட்டது. எரிச்சல்தான் ஆறவில்லை. ரவிக்கைத் துணி லேசாக உரசினாலே அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். வெளியே தெரிவது நாலு கறுப்புத் தழும்பு, அவ்வளவுதான். அதைக் காட்டி யாரை நம்பவைப்பது?

கட்டிய புருஷன் குப்புராஜே நம்பவில்லை. வீட்டுக்கு மருமகள் வந்ததும் மாமியார்களுக்கு வருகிற நோவு இது என்று தக்காளித் தோட்டத்தில் நின்று ஊருக்கே சொல்லிச் சிரித்தார் மகராசன். டாக்டர் கொடுத்த மாத்திரையால்தான் அவள் கொஞ்சமாவது கண்ணை மூடினாள். தர்மபுரி ஆஸ்பத்திரியில் இன்று எடுக்கப்போகிற நரம்பு டெஸ்ட்டில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால் மாத்திரையும் கிடையாது, ஆஸ்பத்திரியும் கிடையாது என்று அவர் முடிவாகச் சொல்லிவிட்டார். நாளைக்கே தக்காளிக் கூடையை இடுப்பில் ஏந்த வேண்டும். கூடையின் விளிம்பு சரியாக அந்த விலாவில்தான் வந்து உட்காரும்.

தர்மபுரிக்கு வருகிற பஸ்ஸிலேயே அவர் ஆரம்பித்துவிட்டார். "அங்க போயி ஆ, ஊன்னு கத்தி மானத்த வாங்காத. நடிக்கறவதான் கத்துவா. மெஷின் கண்டுபுடிச்சிரும்."

இந்தப் பேச்சை அவள் அப்படியே நம்பினாள், பைத்தியக்காரி. வாயைத் திறக்காமல் தாங்கிவிட்டால் தன் வலி நிஜமென்று மெஷின் சொல்லிவிடும் என்று மனசுக்குள் முடிவுகட்டிக்கொண்டாள்.

டெஸ்ட் எடுக்கிற சில்வியா, சின்ன வயசுப் பெண். கட்டிலில் படுத்திருந்த கோவிந்தம்மாளின் தலையில் வகிடு வகிடாகப் பிரித்துப் பசை தடவி ஒயர்களை ஒட்டினாள். லேசர் வெளிச்சம் கண்ணில் படக்கூடாது என்று மூன்று பேருக்கும் கறுப்புக் கண்ணாடி. மூலை நாற்காலியில் அந்தக் கண்ணாடியோடு குப்புராஜ் கல்யாண வீட்டு வீடியோக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"தொடாமலே சூடு வைப்பேம்மா. புண்ணாகாது. அது மூளைக்குப் போயிச் சேர்றது இந்தத் திரையில ஓடற கோட்டுல தெரியும். ஒவ்வொரு தடவையும் நம்பர் சொல்லுங்க. வலியே இல்லைன்னா சைபர், தாங்கவே முடியலைன்னா பத்து."

முதலில் வலது விலா. ஊசி ஏறின மாதிரி சுருக்கென்றது. "சைபர்" என்றாள் கோவிந்தம்மாள். மறுபடியும் சுருக். மறுபடியும் சைபர். திரையில் அலை ஒன்று தெளிவாக எழுந்து இறங்கியது.

பிறகு இடது விலா. சூட்டுக்கோலை வைத்து இழுத்த மாதிரி இருந்தது. அவள் பல்லை நறநறவென்று கடித்தாள். கண்ணாடிக்கு அடியில் கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. "சைபர்."

திரையில் கோடெல்லாம் கிறுக்கலாகிவிட்டது.

"பல்லைக் கடிக்காதீங்கம்மா. தாடை இறுகினா அந்தச் சதையோட கரண்டுதான் பதியுது. மூளையோடது தெரியல."

அடுத்த தடவையும் கிறுக்கல். அதற்கடுத்த தடவையும். அவள் என்ன செய்வாள்? தாடையை விட்டால் சத்தம் வந்துவிடும், சத்தம் வந்தால் நடிப்பு.

சில்வியா கருவியை நிறுத்தினாள். "இப்படியே போனா எதுவும் தெரியலைன்னுதாம்மா ரிப்போர்ட் எழுத முடியும்."

"அதையே எழுதிக் குடுத்துருங்க, கிளம்பறோம்" என்று குப்புராஜ் எழுந்தார். "ஒண்ணுமில்லைன்னு நான் அப்பவே சொன்னேன். அவளே சைபர்ங்கறா."

கோவிந்தம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. தாங்கத் தாங்கத் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறாளே!

"உக்காருங்கய்யா" என்ற சில்வியா அவள் பக்கம் குனிந்தாள். "நல்லா இருக்கற பக்கமே சுருக்குனு குத்தும்மா. அங்கயும் சைபர்னு சொன்னீங்க. யாருக்குப் பயப்படறீங்க?"

நடிப்பென்றால் நடிப்பென்றே இருக்கட்டும் என்று கோவிந்தம்மாளுக்குத் தோன்றியது. "இன்னொருக்கா வைம்மா" என்று சொல்லி, வாயை லேசாகத் திறந்து தாடையைத் தளர்த்திக்கொண்டாள்.

சூடு விழுந்தது. அதுவரை அடக்கிவைத்திருந்த சத்தம் அடிவயிற்றிலிருந்து வந்தது. அது தன்னுடைய குரல்தானா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது.

"நம்பர்?"

"பத்துக்கு மேல இருந்தா அத எழுதிக்க."

அதற்குப் பிறகு அவள் எதையும் அடக்கவில்லை. வலிக்க வலிக்கச் சொன்னாள். தடவைக்குத் தடவை கோடு தெளிந்து, கடைசியில் ஒரு அலை தெரிந்தது. வலப்பக்கத்து அலையில் பாதிகூட இல்லை, வந்ததும் தாமதமாக.

குப்புராஜ் எட்டிப் பார்த்தார். "இந்தப் பக்கம் சின்னதாத்தானே இருக்குது? வலியும் கம்மின்னுதானே அர்த்தம்?"

"இல்லைங்கய்யா. மெஷின் வலிய அளக்காது, சேதி ஒழுங்கா மூளைக்குப் போகுதான்னுதான் காட்டும். அக்கி இவங்க நரம்பையே அரிச்சிருக்குது. அதான் சேதி தேஞ்சு, லேட்டா போகுது. அரிச்ச நரம்பு சும்மா இருந்தாக்கூட எரியும், துணி பட்டாலும் எரியும். மாத்திரைய நிறுத்தக் கூடாது. டாக்டர் டோசைக் கூட்டுவாருன்னு நெனைக்கறேன்."

குப்புராஜ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். சில்வியா ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். மனைவியின் தலையில் ஈஷியிருந்த பசையைத் துண்டால் துடைக்கப் போனவர், எங்கே தொட்டால் வலிக்குமோ என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இத்தன வலின்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

கோவிந்தம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாலு மாசமா நான் வேற என்னங்க சொல்லிட்டிருந்தேன்?"