திறக்காத மென்பொருளும் சூடு மாற்றிய குதிரையும்

ஏர்னிஸ் மறுபடியும் அழுத்தினான். திரையின் நடுவில் ஒரு சின்ன வட்டம் சுழன்றது. ஒரு பெட்டி எட்டிப் பார்த்து, "நிறுவனத்துடன் தொடர்புகொள்ள முடியவில்லை" என்று சொல்லிவிட்டு மறைந்தது. காலையில் கடையைத் திறந்ததிலிருந்து இதே கதைதான். நாரின் என்ற மலைநகரின் கடைத்தெருவில் இறைச்சிக் கடையை ஒட்டியிருந்த அவனுடைய வீடியோக் கடைக்குள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தும், அவனுக்கு வியர்த்தது வேறு காரணத்தால்.

"இன்னும் தொறக்கலையா தம்பி?" என்றாள் புருல். சேறு அப்பிய காலணியைக் கழற்றாமல் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேலூரில் ஆடும் குதிரையும் மேய்ப்பவள். புருஷன் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். கடைக்காரனுக்கென்று அவள் கொண்டுவந்த உலர்தயிர் உருண்டைகள் மேசைமேல் தொடப்படாமல் கிடந்தன.

"தொறந்துடும்கா. இந்த வெளிநாட்டுக்காரனுங்களே இப்படித்தான். ட்ரையல்னு ஆசை காட்டுவானுங்க, போட்டுப் பாத்தா வேலை செய்யாது. சுத்தத் திருட்டுப் பசங்க!"

விஷயம் இதுதான். வசந்தகாலத்தில் புருலின் பெட்டைக்குதிரை மேய்ச்சலில் காணாமல் போனது. அதன் பாலைப் புளிக்க வைத்து விற்றுத்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது. தேடித் தேடிச் சலித்த பிறகு, போன வாரம் அது கெமெல் என்பவனின் தொழுவத்தில் நின்றது. கெமெல் திருடன் இல்லை, சந்தையில் காசு கொடுத்து வாங்கியவன். ஆனால் குதிரையின் தொடையில் இருந்த சூட்டுக்குறி மாறியிருந்தது. புருல் வீட்டுக் குறி பிறை. இப்போது அங்கே முழு வட்டம் இருந்தது. பிறையோடு மீதி வளைவையும் சேர்த்துச் சூடு போட்டுவிட்டான் எவனோ. குறி மாறினால் உடைமை மாறியது என்றுதான் அந்த மலைநாட்டில் கணக்கு.

இன்று மூன்று மணிக்கு மேலூர் மன்றத்தில் பெரியவர்கள் கூடித் தீர்ப்புச் சொல்கிறார்கள். புருலுக்கு இருந்த ஒரே சாட்சி, போன வருஷப் புத்தாண்டுப் பந்தயத்தில் ஏர்னிஸ் எடுத்த படம். அவள் கொழுந்தன் ஓட்டிய அந்தக் குதிரை கேமராவுக்கு முன்னால் கண் இமைக்கும் நேரம் பாய்ந்து போனது. அதை நிதானமாக ஓடவிட்டுப் பெரிதாக்கினால் தொடை தெரியும். அது பெரிய கேமராவில் எடுத்த படம், கைப்பேசியில் ஓடாது. ஏர்னிஸுக்குக் கைவந்ததோ அந்த ஒரு எடிட்டிங் மென்பொருள்தான்.

அதைத்தான் நாலு வருஷமாக வைத்திருந்தானே என்று கேட்கலாம். வைத்திருந்தான், 'கிராக்' என்று சொல்லும் திருட்டுப் பதிப்பாக. ஊரில் எல்லோரும் வைத்திருப்பது அதுதான். பூட்டை உடைத்து, கம்பெனியின் கண்ணைக் கட்டி, எவனோ ஒருவன் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் கம்ப்யூட்டர் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டபோது அது செத்துப்போனது. சரி, ஆத்திர அவசரத்துக்கு ஆகட்டும் என்று, பிறந்ததிலிருந்து முதல் முறையாகக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்தே சோதனைப் பதிப்பை இறக்கியிருந்தான். ஏதோ கம்பெனிக்கே உபகாரம் செய்துவிட்டதுபோல் அவனுக்கு ஒரு மிதப்புகூட இருந்தது.

"குறிய மாத்துனவன் கையில கெடைச்சா, அந்தக் கையிலயே சூடு போடணும்கா" என்றான், மறுபடி நிறுவ விட்டபடி. "அடுத்தவன் சொத்துல எப்படித்தான் மனசு வருதோ!"

"கை கெடக்கட்டும். குதிரை வந்தாப் போதும்" என்றாள் புருல்.

வேறு வழி தெரியாமல், கம்பெனியின் முகவர்கள் தலைநகர் பிஷ்கேக்கில் வைத்திருந்த உதவி எண்ணுக்கு அடித்தான். சல்கின் என்று ஒரு பெண் பேசினாள். கைக்கு வேலை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான்.

"சொல்லுங்கண்ணே. இதுக்கு முன்னாடி இந்தக் கம்ப்யூட்டர்ல நம்ம சாஃப்ட்வேர் இருந்துச்சா?"

"இல்லம்மா, இதான் புதுசா. கிராக் கிராக்குனு சொல்றாங்களே, அதெல்லாம் நம்மகிட்டக் கெடையாதும்மா."

கிராக்கைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பார்களே, அந்த ரகம்.

சல்கின் நம்பினாள். நம்பியதால்தான் வினையே. புதுக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். இணையத்தைச் சோதித்தார்கள், நன்றாக இருந்தது. வைரஸ் காவலை நிறுத்திப் பார்த்தார்கள். நிர்வாகி உரிமையோடு திறந்தார்கள். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி நிறுவினார்கள். வட்டம் சுழன்றது, பெட்டி வந்தது, போனது. காலைப்பொழுது கரைந்துகொண்டிருந்தது.

"அண்ணே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பழசு எதுவும் இல்லையே?"

"அதான் இல்லேன்னேனேம்மா!"

"தம்பி," என்று புருல் தாழ்ந்த குரலில் சொன்னாள், "மேலூருக்கு வண்டியில போகவே ஒரு மணி நேரம் ஆகும்."

ஏர்னிஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். உண்மையைச் சொல்லிவிட்டால் அந்தப் பெண் ஒரு நொடியில் வழி சொல்வாள் என்று அவனுக்குள் ஏதோ சொன்னது. ஆனால் ஸ்பீக்கர் கத்திக்கொண்டிருந்தது, பக்கத்தில் புருல் இருந்தாள். சற்று முன்தான் கையில் சூடு போடச் சொன்ன வாய். அந்த வாயைத் திறக்க அவனால் முடியவில்லை.

கடைசியில் சல்கின், "உங்க ஸ்கிரீனை எனக்குக் காட்டுங்க, நானே பாக்குறேன்" என்றாள். மறுத்தால் குட்டு வெளிப்படும், மறுக்காவிட்டாலும் வெளிப்படும். இணைப்பைக் கொடுத்தான். அம்புக்குறி திரையில் தானாக நகர்ந்து, அவன் ஒருநாளும் திறந்து பார்க்காத மூலைக்குப் போய், ஒரு சின்னக் கோப்பைத் திறந்தது.

"அண்ணே" என்றாள் சல்கின். குரலில் இருந்த மரியாதை போகவில்லை, ஆனால் கனிவு குறைந்திருந்தது. "இந்தக் கம்ப்யூட்டர் எங்க கம்பெனியோட பேசக்கூடாதுன்னு இங்க எழுதி வச்சிருக்கு. இது தானா முளைக்காது. கிராக் போட்டாத்தான் வரும். சாஃப்ட்வேர் 'நான் யாருது'ன்னு எங்ககிட்டக் கேட்டுடக் கூடாதுன்னு வாசலை அடைச்சு வைப்பாங்க. கிராக் செத்துப்போனாலும் அடைச்ச வாசல் அடைச்சபடிதான் இருக்கும். இப்ப நீங்க நேர்வழியில வந்தாலும் உள்ள விடாது. முதல் கேள்வியிலயே சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷ வேலைண்ணே."

திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஏர்னிஸ் விழித்தான். கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

புருல் முக்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்தாள். அவள் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே புரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "ஏம்மா, அப்படின்னா இதுவும் எங்க குதிரை மாதிரிதானா? சொந்தக்காரன் குறிய அழிச்சுட்டு வேற எவன் பேரையோ போடுறது?"

"அச்சு அசலா அதேதான்கா" என்று சல்கின் சிரித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பு ஏர்னிஸின் காதுமடலைச் சுட்டது. புருல் சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். "இவ்வளவு நேரம் இதத்தான் மறைச்சுக்கிட்டிருந்தியா தம்பி? என் குதிரை போனாலும் பரவாயில்லைன்னு?" என்றாள்.  அவனுக்குத் தரை பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

சல்கின் அந்த வரிகளை அழித்தாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் மென்பொருள் சாதுவாகத் திறந்துகொண்டது. ஏர்னிஸ் வேலையில் இறங்கினான். பந்தயம் ஓடியது, தூசி பறந்தது, செம்பழுப்புக் குதிரை மெல்ல மெல்ல மிதந்து வந்தது. தொடையில் பிறை. பாதி வட்டம்கூட இல்லாத, தெளிவான பிறை. புருல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

படத்தை வெளியே எடுத்தபோது, குறுக்கே கம்பெனியின் பெயர் சாம்பல் எழுத்தில் பட்டையாக விழுந்திருந்தது. சோதனைப் பதிப்பில் அப்படித்தான் விழும். அதை அழித்துக் கொடுக்கும் ஆள் ஒருவனை ஏர்னிஸுக்குத் தெரியும். பழக்கதோஷம், கை தானாகக் கைப்பேசிக்குப் போனது.

"அது என்ன எழுத்து?" என்றாள் புருல்.

"இது... சொந்தக்காரன் குறிக்கா" என்றான். கை கைப்பேசியிலிருந்து விலகியது. "இருக்கட்டும்."

மன்றம் நிரம்பியிருந்தது. தலைமைப் பெரியவர் ஜுமாஷ் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கெமெல் கைகளைக் கட்டியபடி நின்றான். வெளியே கம்பத்தில் கட்டியிருந்த குதிரை, புருலின் குரல் கேட்டதும் ஒருமுறை கனைத்தது. வெள்ளைச் சுவரில் படம் ஓடியது. பிறை தெரிந்ததும் கூட்டத்தில் சலசலப்பு.

கெமெல் முன்னால் வந்தான். "இந்தப் படத்த நம்பவா சொல்றீங்க? இவன் யாரு? என் தங்கச்சி கல்யாண வீடியோவுல, ரஷ்யாவுல இருந்த மாமாவைப் பந்தியில உக்காந்திருக்கற மாதிரி ஒட்டிக் கொடுத்தவன்! மாமாவையே ஒட்டத் தெரிஞ்சவனுக்கு ஒரு பிறைய ஒட்டத் தெரியாதா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒட்டச் சொல்லிக் கேட்டது கெமெல் வீட்டார்தான், ஆனால் அதைச் சொல்லி இப்போது என்ன பயன்?

"அதுவும் போகட்டும். குறுக்கால என்னமோ எழுதியிருக்கே, அது என்ன? எவன் படத்தையோ சுட்டுட்டு வந்துட்டானா?"

ஜுமாஷ் ஏர்னிஸைப் பார்த்தார். புருலும் பார்த்தாள். சும்மா ஒரு பொய் போதும், அது தொலைக்காட்சிக்காரர்களின் பெயர் என்றோ, தன் கடையின் புதுப் பெயர் என்றோ. பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் காலையில் சொன்ன பொய் தின்ற நேரம் அவனுக்கு நினைவிருந்தது. இந்தப் பொய் குதிரையையே தின்றுவிடும்.

எழுந்து நின்றான். 

"அது நான் வேலை செய்ற சாஃப்ட்வேரோட சொந்தக்காரன் பேரு. நான் இன்னும் காசு கொடுத்து வாங்கல, அதான் அவன் குறி விழுந்திருக்கு. நாலு வருஷமா நான் அந்தக் குறி இல்லாமத்தான் வேலை செஞ்சேன். ஏன்னா, அது திருட்டுச் சரக்கு. குறிய அழிச்ச சரக்கு."

 பின் வரிசையிலிருந்து ஒருத்தி, "அப்போ என் மக கல்யாண வீடியோவும் அதுலதானா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. இங்க இருக்கற எல்லார் வீட்டுதும் அதுலதான்." முகம் எரிந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. "இன்னைக்குக் காலையிலகூட அத மறைக்கப் பொய் சொன்னேன். அதனால இந்தக்காவோட குதிரை போகப் பாத்துச்சு. அழிக்க எனக்கு ஆள் தெரியும், ஒட்டவும் தெரியும். கெமெல் அண்ணன் சொன்னது நிஜம். நான் ஏமாத்த வந்திருந்தா, மொதல்ல அந்த எழுத்தைத்தானே அழிச்சிருப்பேன்? இந்தப் படத்துல எதையும் தொடலைன்னு உங்களுக்குத் தெரியணும்னுதான் அத விட்டுட்டு வந்தேன். உங்க முன்னாடி நிக்கவே வெக்கமா இருக்கு. நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்."

 ஜுமாஷ் கத்தரிக்கோல் கொண்டுவரச் சொன்னார். தொடை மயிரைக் கத்தரித்துப் பார்த்தால் பழைய தழும்பு எது, புதுத் தழும்பு எது என்று தெரிந்துவிடும். எல்லோரும் வெளியே போனார்கள். ஜுமாஷ் குதிரையின் பக்கம் குனிந்தபோது, கெமெல் அவர் கையைப் பிடித்தான்.

"வேண்டாம் பெரியவரே."  "சந்தையில விலை குறைவாச் சொன்னப்பவே எனக்குப் பொறி தட்டுச்சு. சூட்டுல பாதி இன்னும் ஆறாம செவந்து கெடந்துச்சு. பாத்தேன். 'இது யாருது'ன்னு கேட்டா குதிரை கைநழுவிப் போயிடும்னு வாய மூடிக்கிட்டேன்." கம்பத்திலிருந்து கயிற்றை அவிழ்த்து, நிமிராமலேயே புருலின் கையில் கொடுத்தான்.

கூட்டம் கலைந்தது. சிலர் ஏர்னிஸைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், சிலர் சிரித்தார்கள். அதைவிட அவர்கள் திட்டியிருக்கலாம். அவன் புருலிடம் போய், "மன்னிச்சுடுக்கா" என்றான். அவனுக்குப் பின்னால் கெமெலும் அதையே சொல்ல வந்து நின்றான்.

புருல் குதிரையின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, அதனால்தான் அது இன்னும் ஆழமாக இறங்கியது.

"குறிய அழிச்சவன் ஒரே ஒருத்தன். அவன் மூஞ்சியக்கூட நான் பாத்ததில்லை. ஆனா அவன் பொழைக்கிறது அவன் சாமர்த்தியத்துல இல்ல தம்பி. மலிவாக் கெடைச்சா, சும்மாக் கெடைச்சா, 'இது யாரு உழைச்சது'ன்னு கேக்காம வாங்கிக்கிற உங்கள மாதிரி நல்லவங்களாலதான் அவன் பொழைக்கிறான்."

ஏர்னிஸும் கெமெலும் தலையைத் தூக்கவில்லை.