இறந்த மாப்பிள்ளைக்கு வீட்டுக்கடன்

என் மாப்பிள்ளை இறந்துபோன செய்தியை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் கட்டிடத்துத் தையல்காரர். நான் முடிவெட்டிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தேன். அவர் மிஷினை நிறுத்திவிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "ஐயா, கவலையை விடுங்க. உங்க மாப்பிள்ளையை முடிச்சாச்சு" என்றார்.

எட்டு வருஷமாக நான் காத்திருந்த வாக்கியம்தான். ஆனாலும் விவரம் தெரியாமல் சந்தோஷப்படுவது முறையில்லை என்று நின்றேன்.

விவரத்துக்கு முன்னால் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதற்கு அதிக நேரம் பிடிக்காது. அவர் பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறார். மூடி சரியாகத் திறக்கிறதா, திறந்தது சரியாக மூடுகிறதா என்று பார்ப்பது உத்தியோகம். பதினான்கு வருஷமாக ஒரே நாற்காலி. நடுவில் ஒரு பதவி உயர்வு வந்தது. அது மாடியில் இருக்கிறது என்று தெரிந்ததும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கல்யாணமான மறுவாரம் "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறோம் மாமா" என்று பெட்டியோடு வந்தவர். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. தெருவில் அவருக்கு 'ஃபேன்' என்று பெயர். எப்போது பார்த்தாலும் அதற்கு நேர் கீழே இருப்பார்.

நானோ முப்பது வருஷம் ஓட்டுநர் உரிமத்துக்குத் தேர்வு வைத்தவன். பின்னால் எடு என்றால் முன்னால் போய் மரத்தில் மோதினவனைப் பார்த்திருக்கிறேன். அவன் மறுபடியும் வந்தபோது அந்த மரமே நாலடி ஒதுங்கி நின்றதையும் பார்த்திருக்கிறேன். எல்லோரையும் ஃபெயிலாக்கி அனுப்பினேன். ஆனால் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறவே யோசிக்கிற ஒருவரை என் வீட்டுக்குள்தான் பார்த்தேன். வீட்டில் ஃபெயிலாக்க எனக்கு அதிகாரம் இல்லை.

வீடு என்று பெரிதாகச் சொல்வதற்கில்லை. ஒரு அறை, ஒரு சமையலறை. அறையை ஒரு இரும்பு பீரோ இரண்டாகப் பிரிக்கிறது. இந்தப் பக்கம் என் கட்டில். அந்தப் பக்கம் மகளும் மாப்பிள்ளையும். நான் இருமினால் அவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். அவர்கள் பேச்சை நிறுத்தினால் நான் இருமுவேன். இப்படியே எட்டு வருஷம்.

மகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். "ஊரான் வீட்டு எலும்பையெல்லாம் கதவைச் சாத்திக்கிட்டுப் பாக்கறேன். எனக்குன்னு சாத்திக்க ஒரு கதவு இல்லை" என்பாள். அப்படிச் சொல்லும்போது என்னையும் பார்க்க மாட்டாள், அவரையும் பார்க்க மாட்டாள். பீரோவைப் பார்ப்பாள்.

அவள்தான் இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய ஃபிளாட்டைக் கண்டுபிடித்தாள். படுக்கையறைக்குக் கனமான மரக்கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாளை நாலு தடவை போட்டுப் போட்டுத் திறந்தாள். விற்கிறவர் மாதக் கடைசி வரைதான் பொறுப்பேன் என்றார். பின்னாலேயே ஒரு பல் டாக்டர் ரொக்கத்தோடு நிற்கிறாராம். எனவே பேங்கில் கடன் கேட்டு மனுப் போட்டார்கள். வீடு தேடி ஒருவர் வந்து விசாரிப்பார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

விசாரிப்பவர் வந்தது நான் முடிவெட்டிக்கொண்டிருந்தபோது. வந்தவர் கையில் தோல்பை, காலில் பளபளவென்று ஷூ. எங்கள் கட்டிடத்தில் அந்த இரண்டும் சேர்ந்து வந்தால் ஒரே அர்த்தம்தான். இரண்டாம் மாடியில் ஒரு மாஜி இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் இருக்கிறார். அவர் கடன் வாங்காத ஆள் இனிமேல் பிறந்தால்தான் உண்டு. அவரைத் தேடி வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி, தோல்பைக்காரன் யார் பெயரைக் கேட்டாலும் அப்படி ஒருவன் இல்லை என்று சொல்வது எங்கள் கட்டிடத்தில் அனிச்சைச் செயல் ஆகிவிட்டது. ஒருமுறை வாட்ச்மேனிடம் ஒருவன் வாட்ச்மேனையே கேட்டான். "அவரு ஊருக்குப் போயிருக்காரு" என்றான் வாட்ச்மேன்.

"வந்தவன் உங்க மாப்பிள்ளை பேரைச் சொன்னான்" என்றார் தையல்காரர். "வாட்ச்மேன் வெளிநாடு போயிட்டார்னு சொல்லியிருக்கான். சின்னப் பையன், அவனுக்கு அவ்வளவுதான் வரும். நான் யோசிச்சேன். வெளிநாடுன்னா திரும்பி வருவானேன்னு மறுபடி வருவாங்க. அதனால இறந்துட்டார்னு சொல்லிட்டேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டேன் ஐயா. அந்த ஆளும் அழுதான். அழுத வேகத்துல அவன் சட்டைப் பட்டன் ஒண்ணு தெறிச்சுது. நானே தைச்சுக் கொடுத்தேன்."

"காசு வாங்கினியா?"

"சாவு வீட்டுல காசு வாங்குவாங்களா."

எதிர்க்கடைக்கார அம்மாள் விடவில்லை. "நானும் சொன்னேன் ஐயா. நல்ல மனுஷன், காய்ச்சல்ல போயிட்டார்னு. நல்ல மனுஷன்னு சொன்னப்பதான் அந்த ஆள் லேசா சந்தேகப்பட்ட மாதிரி இருந்தது."

மறுநாள் மூவரும் பேங்குக்குப் போனோம். மேனேஜர் கண்ணாடி அறைக்குள் இருந்தார். கழுத்தில் டை, முகத்தில் பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்ட புன்னகை. அறிக்கையைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், மறுபடி அறிக்கையைப் பார்த்தார்.

"விண்ணப்பதாரர் வெளிநாடு சென்று அங்கே காய்ச்சலில் காலமானார்னு வந்திருக்கு" என்றார்.

மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்தார். "எப்ப சார்?" என்றார்.

நான் மேலே இருந்த விளக்கைப் பார்த்தேன். மகள்தான் எடுத்துச் சொன்னாள். பக்கத்து வீட்டார் கடன் வசூலிக்க வந்த ஆள் என்று நினைத்துக் காப்பாற்றிவிட்டார்கள், இவர் இதோ உட்கார்ந்திருக்கிறார் என்றாள். மேனேஜர் அவரை நன்றாகப் பார்த்தார். உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மேனேஜர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

"ஆச்சரியம் என்னன்னா மேடம், இவர் காலமானப்புறம் இவரோட கிரெடிட் ஸ்கோர் ஏறியிருக்கு" என்றார். "புதுசாக் கடன் கேக்கலை, எங்கேயும் தவணை தவறலை. இந்த மாதிரி ஆளைத்தான் நாங்க தேடறோம்."

"அப்ப என் சம்பளத்தையும் சேத்துக்குங்க. அவரைவிட எனக்கு ஒண்ணரை மடங்கு" என்றாள் மகள்.

"நீங்க இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து எவ்வளவு நாளாச்சு?"

"ஆறு மாசம். அங்கே பழைய மெஷின், இங்கே சம்பளமும் அதிகம், அதான் மாறினேன்."

மேனேஜர் வருத்தப்படுகிற புன்னகைக்கு மாறினார். "ரெண்டு வருஷமாவது ஒரே இடத்துல இருக்கணும். மாறிக்கிட்டே இருக்கிறவங்களை நம்ப முடியாது. சார் பதினாலு வருஷம் நகரவே இல்லை பாருங்க."

பார்த்தேன். அப்போதும் நகரவில்லை. முன்னேறினவள் மேல் சந்தேகம், நாற்காலியோடு ஒட்டிக்கொண்டவர் மேல் நம்பிக்கை. நானும் அப்படித்தான் தேர்வு வைத்திருக்க வேண்டும். வண்டியைக் கிளப்பாதவனுக்கெல்லாம் உரிமம், ஏனென்றால் விபத்தே இல்லை.

"என்னைச் சேத்துக்குங்க. பென்ஷன் வருது" என்றேன்.

"உங்க வயசு சார்... கடன் இருபது வருஷம். கடன் முடியறதுக்குள்ள நீங்க முடிஞ்சிடக்கூடாது இல்லையா."

"கடனுக்காக வேணா இருக்கேன்."

"எழுத்துல கொடுக்க முடியாது சார்."

மாப்பிள்ளை சம்பளத்தில் பாதி வரைக்கும்தான் தவணைக்கு விடுவோம், வாடகையும் மற்ற செலவும் எவ்வளவு என்று பார்க்க வேண்டும், விலையில் ஐந்தில் ஒரு பங்கு உங்கள் கையிலிருந்து போட வேண்டும் என்றார் மேனேஜர். கைப்பணம் இருக்கிறது, எக்ஸ்ரே எடுத்துச் சேர்த்தது என்றாள் மகள். மாப்பிள்ளை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஃபேன் வீட்டோட வருமா சார், நாமளே வாங்கணுமா?"

முடிவாக, மறுபடியும் ஆள் அனுப்புகிறோம், இந்த முறை உயிரோடு இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

நான் கட்டிடத்தில் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். பைக்காரர் வந்தால் உண்மையைச் சொல்லுங்கள். எல்லோரும் கலங்கிப்போனார்கள். "உண்மைன்னா... எவ்வளவு ஐயா?" என்று கேட்டார் தையல்காரர். முழுசாக என்றேன். வழக்கம் விட்டுப்போன காரியம் பாருங்கள், அளவு தெரியவில்லை.

அதே விசாரிப்பவர்தான் வந்தார். தைத்த பட்டன் கெட்டியாக இருந்தது. மாப்பிள்ளை ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து உயிரோடு இருந்தார். நான் பக்கத்தில் சாட்சியாக நின்றேன். மற்றவர்கள் கூப்பிடாமலே வந்து வாசலில் நிறைந்துவிட்டார்கள்.

"வாடகை எவ்வளவு தர்றார்?" என்று கேட்டார் விசாரிப்பவர்.

"வாடகையா" என்று வாட்ச்மேன் சிரித்தான். "எட்டு வருஷமா ஓசி சார். கரண்டு பில்லும் பெரியவர்தான்."

"துணிமணிச் செலவு?"

"கல்யாணச் சட்டையைத்தான் வருஷா வருஷம் பிரிச்சுத் தைக்கிறேன்" என்றார் தையல்காரர். "தையல் பிரிக்க இனிமே துணி இல்லை. நூல்லதான் நிக்குது."

"கடையில கணக்கு வெச்சிருக்காரா?"

"கணக்கா" என்றாள் கடைக்கார அம்மாள். "ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கினார். பாதி தின்னுட்டு, நமத்துப்போச்சுன்னு திருப்பிக் கொடுத்துட்டார்."

"நண்பர்கள், பார்ட்டி, வெளியூர்ப் பயணம்?"

வாட்ச்மேன் விசாரிப்பவரை முறைத்தான். கேள்வியே மரியாதைக் குறைவாகப் பட்டது போலிருந்தது.

ஒருவனை இத்தனை பேர் சேர்ந்து இவ்வளவு ஒழுங்காக அவமானப்படுத்தி நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். அவருக்குப் பெருமையாக இருந்தது. விசாரிப்பவர் எழுத எழுத அவர் கண்கள் மறுபடி கலங்கின. "இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒருத்தரைப் பாத்ததில்லை சார்" என்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "செலவுன்னு ஒண்ணே இல்லை."

பேங்கில் மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றார். மாப்பிள்ளைக்கு மட்டும் தேநீர் வந்தது. கணக்குப் போட்டார், தட்டினார், உதட்டைப் பிதுக்கினார்.

"சாரோட தகுதி பிரமாதம். ஆனா சம்பளம் சின்னது. கொஞ்சம் குறையுது" என்றார். "ஒரு வழி இருக்கு. புது வீட்டை வாடகைக்கு விட்டுட்டா அந்த வாடகையை வருமானமாக் காட்டிடலாம். கடன் தேறிடும். நீங்க இப்ப இருக்கிற மாதிரியே மாமனார் வீட்டுல வாடகையில்லாம இருந்துக்கலாம். மாமனார் மட்டும் ஒரு கடுதாசி கொடுக்கணும், மகளும் மாப்பிள்ளையும் என் வீட்டுல இலவசமா இருக்க எனக்குச் சம்மதம்னு."

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டேன்.

"கடன் முடியற வரைக்கும் சார்."

மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. மாப்பிள்ளை "நல்ல யோசனையா இருக்கு மாமா" என்றார். இருபது வருஷம் நகர வேண்டியதில்லை என்றால் அவருக்கு எந்த யோசனையும் நல்ல யோசனைதான். மகள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். பிறகு மெதுவாக, "அப்ப வேண்டாம் சார். பல் டாக்டரே வாங்கிக்கட்டும்" என்றாள். எக்ஸ்ரே அறையில் மூச்சை அடக்குங்கள் என்று சொல்கிற குரல் அவளுடையது. அன்று அவளே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"வாடகைக்கு வர்றவனுக்கு வயசு வரம்பு உண்டா?" என்று கேட்டேன்.

"கிடையாது சார். மாசா மாசம் வருமானம் இருந்தாப் போதும்."

"பென்ஷன்?"

"அதைவிட நல்ல வருமானமே இல்லை சார்."

"அப்ப எழுதிக்குங்க. அந்த வீட்டுக்கு நான் வாடகைக்கு வர்றேன். என் வீட்டுல இவங்க இலவசமா இருக்கட்டும்."

மகள் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, சொந்த வீட்டை விட்டுட்டு இவருக்கு வாடகை கொடுக்கப் போறீங்களா?"

"ஆமாம்மா. பீரோவைச் சுவத்தோரமாத் தள்ளிடு. வாசக்கதவு முழுசா உன்னுதுதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். மேனேஜர் எல்லாவற்றையும் தட்டச்சு செய்தார். நான் அதிலே கையெழுத்துப் போட்டேன். எனக்கு வாடகை வீடு, எனக்கே வீட்டுக்காரர் மாப்பிள்ளை, அதற்குச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தவனும் நான். உலகத்தில் எத்தனையோ மடையர்களை ஃபெயிலாக்கினவன், அன்றைக்கு என்னை நானே பாஸ் பண்ணிக்கொண்டேன்.

மாப்பிள்ளை பேனாவை மூடியபடி, "மாமா, தப்பா நினைச்சுக்காதீங்க. ஆறு மாச அட்வான்ஸ் வழக்கம்னு சொல்றாங்க" என்றார். கொடுத்தேன். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று ஒரு வரியும் சேர்த்துக்கொண்டார். எட்டு வருஷத்தில் அவர் சுயமாகச் செய்த முதல் காரியம் அது.

குடிபோன இரண்டாவது மாதம், முதல் தேதி மாலை, வாடகையை எடுத்துக்கொண்டு என் பழைய வீட்டுக்குப் போனேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டக் கையைத் தூக்கினேன். உள்ளே மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. பீரோ இருந்த காலத்தில் அவள் அப்படிச் சத்தம்போட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. அவரும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்குச் சிரிக்கவைக்கத் தெரியும் என்று யார் கண்டது. எனக்கு இருமல் வந்தது. அடக்கிக்கொண்டு படியிறங்கித் திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை போன் அடித்தது.

"மாமா, நேத்தே முதல் தேதி" என்றார் மாப்பிள்ளை. "இந்தத் தடவை விட்டுடறேன். அடுத்த மாசம் தாமதமானா ஒப்பந்தப்படி அபராதம் உண்டு."