அவன் சொன்ன உறவு

"கதவைச் சாத்துன்னு சொன்னேன்ல!" எலக்ட்ரீஷியன் தன் மனைவியைப் பார்த்துக் கத்தினான்.

அவள் சாத்தவில்லை. தெருவுக்கே அவள் தையலக்கா. முன்னறைதான் அவள் தையல் கடை. மேசைமேல் இஸ்திரிப் பெட்டி சூடேறிக் கிடக்க, அவள் ஒரு கையால் கதவைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே பட்டப்பகலில் ஒருத்தி அடிபட்டுக்கொண்டிருந்தாள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற லேப் பெண், தெருவுக்குப் புதியவள். பைக்கில் பின்னாலேயே வந்த ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றி, அதாலேயே அவள் முகத்தில் அடித்தான். பை அவிழ்ந்து கண்ணாடிக் குப்பிகள் தெருவில் உருண்டன. அவள் வாயிலிருந்து ரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது.

தெரு முதலில் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டது, இல்லையென்று சொன்னால் பாவம். மளிகைக்கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். எதிர்வீட்டுச் சுவருக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த பெயிண்டர் ஏணியிலிருந்து குதித்து, அவன் கையை முறுக்கி ஹெல்மெட்டைப் பிடுங்கிவிட்டான். அப்போதுதான் அடித்தவன் அதைச் சொன்னான்.

"விடுய்யா! இவ என் பொண்டாட்டி!"

அவ்வளவுதான். பெயிண்டரின் பிடி தளர்ந்தது. சுற்றி நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

"பொய்! இவன் எனக்கு யாருமே இல்ல! மூணு மாசமா பின்னாலயே வந்து தொல்லை பண்றான்! யாராவது போலீசைக் கூப்பிடுங்க!" லேப் பெண் உடைந்த பல்லோடு கதறினாள்.

"கோவத்துல எல்லா பொம்பளையும் இப்படித்தான் சொல்லும்," என்று மளிகைக்கடைக்காரர் சிரித்தார். "தம்பி, எதுவா இருந்தாலும் வீட்ல வெச்சுப் பேசிக்கப்பா. நாலு பேர் பாக்கற இடம்."

பெயிண்டர் அவருக்கும் ஒரு படி மேலே போனான். "சாரிண்ணே, தெரியாமப் பிடுங்கிட்டேன்," என்று ஹெல்மெட்டை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

வாங்கியவன் அடுத்த அடியை அவள் தாடையில் இறக்கினான். எலும்பு உடைந்த சத்தம் தையலக்கா நின்ற வாசல்வரை கேட்டது. வழியில் கிடக்கிற குடையை ஒருவன் என்னுடையது என்றால்கூட அடையாளம் கேட்கிற மனிதர்கள் இவர்கள். ஒரு பெண்ணை என்னுடையவள் என்றவனிடம் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.

"புருஷன் பொண்டாட்டி விவகாரம்," என்று எலக்ட்ரீஷியன் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். "இன்னிக்கு அடிச்சுக்குவாங்க, நாளைக்குக் கூடிக்குவாங்க. நடுவுல போற நமக்குத்தான் கெட்ட பேரு. உள்ள வா."

"அவ செத்துடுவா."

"அதுக்கு நீ என்ன பண்ண முடியும்?"

எலக்ட்ரீஷியன் கை ஓங்குகிறவன் இல்லை, பயந்தவன். ஆனால் அந்தத் தெருவில் கை ஓங்குகிறவர்கள் யார் யார் என்று தையலக்காவுக்கு அத்துப்படி. சட்டைக்கு அளவெடுக்கும்போது பெண்களின் கையில் கன்றிப்போன இடம் வந்தால் அளவு நாடாவைத் தளர்த்திப் பிடிப்பாள். "ஜாக்கெட் கையை முழங்கைக்குக் கீழ இறக்கிடுங்கக்கா" என்பார்கள். ஏன் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. பதினோரு வருஷமாக இறக்கி இறக்கித் தைத்துக் கொடுத்திருக்கிறாள். அந்த வெட்கம் இப்போது அவளைப் பிடுங்கித் தின்றது.

கையை உதறினாள். இஸ்திரிப் பெட்டியின் ஒயரை ஒரே இழுப்பில் உருவி, பெட்டியோடு தெருவில் ஓடினாள்.

அடித்தவன் லேப் பெண்ணின் மார்மேல் முழங்காலை ஊன்றி ஹெல்மெட்டை ஓங்கியிருந்தான். ஓங்கிய கையில் தையலக்கா பெட்டியை வைத்து அழுத்தினாள். தோல் பொசுங்கிய நாற்றம் குப்பென்று கிளம்பியது. அவன் அலறிக்கொண்டு அவள் வயிற்றில் உதைத்தான். அவள் சுருண்டு விழுந்து, மறுபடி எழுந்தாள்.

"என் பொண்டாட்டியை நான் அடிச்சா உனக்கென்னடி?"

"காதுல விழுந்துச்சுடா," என்று சொல்லி, இந்தத் தடவை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

அவனை விட்டுவிட்ட தெரு ஓடிவந்து அவளைப் பிடித்தது. "அக்கா, உங்களுக்கு எதுக்கு ஊர் வம்பு?" என்று பெயிண்டர் அவளைப் பின்னால் இழுத்தான். அடித்தவன் பைக்கில் ஏறித் தப்பப் பார்த்தான். வெந்த கையால் கைப்பிடியைப் பிடிக்க முடியாமல் வண்டியோடு சாய்ந்தான். வாசலில் நின்ற எலக்ட்ரீஷியன் போனில் போலீசுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் தையல் கடைக்கு வந்தார். லேப் பெண் பிழைத்துவிட்டாள், தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றார்.

தெரு கொதித்துப் போனது. "புருஷன் இல்லைன்னு மட்டும் தெரிஞ்சிருந்தா அங்கயே தோலை உரிச்சிருப்போம் சார்!" என்றார் மளிகைக்கடைக்காரர். பெயிண்டர் தலையில் அடித்துக்கொண்டான். ஆளாளுக்குத் தையலக்காவைப் புகழ்ந்தார்கள். எலக்ட்ரீஷியனுக்குக்கூடக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது.

"இத்தனை பேர் ஏமாந்திருக்காங்க," என்று இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். "அவன் புருஷன் இல்லைன்னு உங்களுக்கு மட்டும் எப்படிம்மா தெரிஞ்சுது?"

"தெரியாது சார்."

"பின்னே?"

"புருஷன்னுதான் நெனச்சேன்."

"ஏய், என்ன பேசறே?" என்று எலக்ட்ரீஷியன் அவள் தோளைத் தொட்டான். மளிகைக்கடைக்காரர் முகத்தில் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "அது... அது தப்பும்மா," என்றார்.

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இப்படி எழுதினா கேஸ் உங்க பக்கம் திரும்பிடும். அவன் பொய் சொல்றான்னு தோணிச்சு, அதனால தடுத்தேன்னு எழுதிக்கவா?"

"வேணாம் சார். புருஷன்னு நெனச்சுத்தான் சூடு வெச்சேன். அப்படியே எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."